பந்து போகிற போக்கைப் பார்த்து, பையில் எந்த கிளப் தப்பு என்று கண்டுபிடிப்பது

ஞாயிறு காலை கோல்ஃப் ரவுண்டு முடிந்து காபிக்கு உட்கார்ந்தால் போதும், கூட ஆடியவர்களில் ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: புது டிரைவர் வாங்கலாம் என்று இருக்கிறேன், எது நல்லது? டிரைவர் என்பது முதல் அடிக்கு எடுக்கிற, பையிலேயே நீளமான கிளப், அதாவது மட்டை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். இப்போது இருக்கிற டிரைவரில் பந்துக்கு என்ன ஆகிறது? வலதுபக்கம் வளைந்து ஓடுகிறதா, எழும்பாமல் செத்து விழுகிறதா, வானத்துக்குப் போய்விட்டு அங்கேயே நிற்கிறதா? இதற்குப் பதில் இல்லாமல் கடைக்குப் போனால், அங்கே எது விற்காமல் தேங்கிக் கிடக்கிறதோ அதுதான் உங்கள் பைக்குள் வரும்.

அதனால் கீழே பிராண்டு வாரியாகவோ விலை வாரியாகவோ எதுவும் இல்லை. உங்கள் தொந்தரவு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். எல்லாம் வலதுகைக்காரர் கணக்கில் எழுதியது, இடதுகைக்காரர்கள் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பல தொந்தரவுகளுக்கு மருந்து, பையிலிருந்து எதையாவது எடுப்பதுதான். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

எந்தத் தொந்தரவாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

பையைத் தரையில் கவிழ்த்து, கிளப்புகளை நீளவாரியாகச் சுவரில் சாய்த்து வையுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொன்றின் பெயரையும் எழுதி, பக்கத்தில் லாஃப்ட் (பந்தில் படும் முகம் பின்னால் சாய்ந்திருக்கிற கோணம்) எத்தனை டிகிரி என்று எழுதுங்கள். டிரைவர், நீளத்தில் அதற்கு அடுத்த வுட், வுட்டுக்கும் அயர்னுக்கும் நடுவே வரும் ஹைபிரிட், கிட்டத்து அடிக்கென்று தனியாக வாங்கிய வெட்ஜ் இவற்றில் பெரும்பாலும் தலையிலேயே பொறித்திருக்கும். எண் போட்ட இரும்புத்தலை அயர்ன்களில் இருக்காது, அந்த மாடலின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினால் கம்பெனி போட்ட அட்டவணை கிடைக்கும்.

ஏன் இந்தப் பாடு என்றால், அடியில் எழுதியிருக்கிற எண்ணுக்கு இப்போது அர்த்தம் குறைந்துவிட்டது. பழைய காலத்து 7 அயர்ன் 35, 36 டிகிரி இருக்கும். இன்று புதிதாக ஆடுகிறவர்களுக்கென்று வரும் செட்களில் அதே 7 அயர்ன் 28லிருந்து 30 டிகிரிக்குள் நிற்கிறது. பழைய கணக்கில் அது 5 அயர்ன். "இந்த செட்டில் 7 அயர்னே 20 யார்டு கூடப் போகுது" என்று நண்பர் குதிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அடுத்து ரேஞ்சுக்கு (பயிற்சி மைதானத்துக்கு) போய் ஒவ்வொரு கிளப்பிலும் பத்துப் பந்து அடியுங்கள். பத்தில் மிக நன்றாகப் போன இரண்டையும் மிக மோசமான இரண்டையும் தள்ளிவிட்டு, மீதி ஆறு எங்கே விழுந்தன என்று சராசரி போடுங்கள். உருண்டு நின்ற இடத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள், தரையில் விழுந்த இடம்தான் கணக்கு. ரேஞ்ச் பந்துகள் அடிபட்டுத் தேய்ந்தவை, நல்ல பந்தைவிடக் குறைவாகத்தான் போகும், அதனால் அந்தத் தூரத்தை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு கிளப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை யார்டு இருக்கிறது என்பதைப் பாருங்கள், அது ஓரளவு சரியாகவே கிடைக்கும்.

4, 5, 6 அயர்ன் எல்லாமே ஒரே தூரம் போகிறது

பையில் அதிகமாகக் காணப்படுகிற தொந்தரவு, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. சில வருடங்களுக்கு முன்னால் நான் எழுதிய நோட்டில் இப்படி இருக்கிறது: 7 அயர்ன் 133, 6 அயர்ன் 143, 5 அயர்ன் 146, 4 அயர்ன் 142. ஆமாம், நான்கு ஐந்தைவிடக் குறைவு. அதுவரை பார் 5 (ஐந்து அடியில் முடிக்க வேண்டிய நீளமான) குழிகளில் "நீளமா ஒண்ணு வேணும்" என்று 4 அயர்னை உருவிக்கொண்டிருந்தேன்.

காரணம் எளிது. லாஃப்ட் குறையக் குறைய, பந்து மேலே எழும்ப கிளப் தலைக்கு வேகம் வேண்டும். வேகம் இல்லையென்றால் பந்து தாழ்வாகக் கிளம்பி, காற்றில் நிற்கப் போதிய பின்சுழற்சியும் இல்லாமல் சீக்கிரமே இறங்கிவிடும். தொலைக்காட்சியில் பார்க்கிறவர்கள் அடிக்கும் வேகத்துக்கு 4 அயர்ன் பொருந்தும், சனி ஞாயிறு மட்டும் ஆடுகிற நமக்கு அது வெறும் இரும்பு.

சரி, என்ன செய்வது? நோட்டைப் பாருங்கள். எந்த அயர்னிலிருந்து இடைவெளி 6, 7 யார்டுக்குக் கீழே போகிறதோ, அதையும் அதற்கு நீளமான அயர்ன்களையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு ஹைபிரிட், அல்லது 7 வுட். இரண்டிலும் எடை அடியிலும் பின்பக்கத்திலும் இருப்பதால் அதே லாஃப்டில் பந்து உயரமாக எழும்பும். ரஃப்பில், அதாவது ஓரத்து நீளப் புல்லில், அடிக்கடி மாட்டுகிறவருக்கு ஹைபிரிட், புல்லைக் கிழித்துக்கொண்டு வரும். கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லில்) பந்து உயரத்திலிருந்து மெத்தென்று விழ வேண்டும் என்பவருக்கு 7 வுட். வயசானவங்க சமாச்சாரம் என்று 7 வுட்டைக் கிண்டல் செய்த காலம் போய்விட்டது, இப்போது போட்டிகளில் ஆடும் புரோக்களே வைத்திருக்கிறார்கள்.

இங்கே பலர் சறுக்குவது, 5 அயர்னை எடுத்துவிட்டு 5 ஹைபிரிட் வாங்குவதில். ஹைபிரிட்டின் ஷாஃப்ட் (தண்டு) அயர்னைவிட நீளம், அதனால் அதே எண்ணுள்ளது தூரம் கூடுதலாகப் போய், 6 அயர்னுக்கும் அதற்கும் நடுவே புதிதாக ஒரு பள்ளம் விழும். எண்ணைப் பார்க்காமல், உங்களுக்கு வேண்டிய தூரத்தைப் பார்த்து வாங்குங்கள். நான் 4, 5 இரண்டையும் எடுத்துவிட்டு 23 டிகிரி ஹைபிரிட் ஒன்றை வைத்தேன், 157 போனது. இரண்டு போய் ஒன்று வந்தது.

3 வுட்டைத் தரையிலிருந்து அடித்தால் பந்தின் தலையைத்தான் தட்டுகிறது என்பவருக்கும் இதே மருந்துதான். 15 டிகிரியைப் புல்லின் மேலிருந்து எழுப்புவது கடினம், 18 டிகிரி 5 வுட் வாங்கிக்கொள்ளுங்கள். காகிதத்தில் 3 வுட் நீளம், மைதானத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு 5 வுட்தான் நீளமாகப் போகும்.

டிரைவர் வலதுபக்கம் வளைந்து ஓடுகிறது

ஸ்லைஸ். இதற்குப் புது டிரைவர் வாங்கிச் செலவழித்த பணத்தை எல்லாம் சேர்த்தால் ஒரு கோல்ஃப் மைதானமே கட்டலாம்.

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. பந்தை வைக்கிற அதே டீக் குச்சியில் கொஞ்சம் தாழ்த்தி வைத்து, 5 வுட்டில் பத்துப் பந்து அடியுங்கள். அதுவும் வலதுபக்கம் வளைந்தால் உங்கள் ஸ்விங்கில்தான் விஷயம் இருக்கிறது, நல்ல கோச்சிடம் நாலு கிளாஸ் போங்கள், கடைப்பக்கம் போகாதீர்கள். 5 வுட் ஓரளவு நேராகப் போய் டிரைவர் மட்டும் ஓடினால் கிளப்பைச் சந்தேகிக்கலாம்.

இரண்டாவது சோதனை, பந்து தலையில் எங்கே படுகிறது என்பது. டிரைவரின் முகத்தில் கொஞ்சம் டால்கம் பவுடரைத் தடவிவிட்டு அடித்துப் பாருங்கள், பட்ட இடத்தில் வட்டமாகப் பவுடர் போயிருக்கும். அல்லது ஒயிட்போர்டு மார்க்கரில் பந்தின் மேல் ஒரு பொட்டு வைத்து, அந்தப் பக்கம் கிளப்பைப் பார்க்கும்படி வையுங்கள், மை முகத்தில் ஒட்டிக்கொள்ளும். அடிகள் ஷாஃப்ட் பக்கமாக, அதாவது குதிகால் பக்கமாகவே குவிந்திருந்தால், அப்படிப் படுவதே பந்துக்கு வலதுபக்கச் சுழற்சி கொடுக்கும், டிரைவர் முகத்தின் வளைவும் தலையின் எடையும் சேர்ந்து செய்கிற வேலை அது. இந்தக் கேஸில் பெரும்பாலும் குற்றவாளி நீளம். இன்றைய டிரைவர்கள் 45லிருந்து 46 இன்ச் வரை வருகின்றன, நீளம் கூடினால் நடுவில் படுவது கடினம். வெட்ட வேண்டாம், முதலில் கிரிப்பை ஒரு இன்ச் கீழே இறக்கிப் பிடித்து ஒரு ரவுண்டு ஆடிப் பாருங்கள். நடுவில் பட ஆரம்பித்தால் அப்புறம் சுருக்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

மூன்றாவது லாஃப்ட். 9 டிகிரி டிரைவர் பையில் இருப்பது ஒரு கௌரவம் என்று நினைக்கிறோம். லாஃப்ட் கூடினால் பின்சுழற்சி கூடும், அதனால் பக்கவாட்டில் வளைவது கொஞ்சம் அடங்கும். 9இல் பயங்கரமாக ஓடும் பந்து 12இல் ஃபேர்வேயின் (நடுவே வெட்டி வைத்த புல்தரையின்) ஓரத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் டிரைவரின் கழுத்தில் திருகும் வசதி இருந்தால் சாவியை எடுத்து லாஃப்டைக் கூட்டிப் பாருங்கள். நிறையப் பேர் அந்தச் சாவியை பெட்டியோடு அலமாரியில் வைத்து மறந்துவிடுகிறார்கள். திருகும்போது ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், பெரும்பாலான மாடல்களில் லாஃப்டைக் கூட்டும்போது முகம் கொஞ்சம் இடதுபக்கம் மூடும். ஸ்லைஸ்காரருக்கு அது போனஸ்.

டிரைவர் எழும்பவே மாட்டேன் என்கிறது

இதுவும் லாஃப்டில் ஆரம்பிக்கும், ஷாஃப்டில் முடியும். ஷாஃப்டில் ஆர், எஸ் என்று எழுத்து இருக்கும், ஆர் என்றால் ரெகுலர், எஸ் என்றால் ஸ்டிஃப், சீனியருக்கு ஏ அல்லது எம். டிரைவரை வீசும் வேகம் மணிக்கு 85 மைலுக்குக் கீழே என்றால் சீனியர், 85லிருந்து 95 வரை ரெகுலர், அதற்கு மேலே 105 வரை ஸ்டிஃப் என்பது பொதுவான கணக்கு. ஆனால் இந்த எழுத்துகளுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒரு கம்பெனியின் ரெகுலர் இன்னொரு கம்பெனியின் ஸ்டிஃப் மாதிரி விறைப்பாக இருக்கும். விறைப்பு அதிகமான ஷாஃப்டில் பந்து தாழ்வாக வலதுபக்கம் போகும், அடி கையில் கட்டை மாதிரி இருக்கும். நாற்பது தாண்டிய பலர் இருபத்தைந்து வயதில் வாங்கிய ஸ்டிஃப்பையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நண்பரின் ரெகுலரைக் கடன் வாங்கி ஒன்பது குழி ஆடுங்கள், அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

அயர்ன் அடி நன்றாகப் படுகிறது, வளையவும் இல்லை, ஆனால் எல்லாமே இடதுபக்கம்

இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் என் அத்தை மகன் ஊருக்கு வந்தபோது தன் பழைய அயர்ன் செட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் ஆறடிக்கு மேலே, நான் ஐந்தடி ஆறு. செட் அவனுக்கென்று ஒரு இன்ச் நீளமாகவும் 2 டிகிரி நிமிர்த்தியும் செய்தது என்று அவனுக்கே நினைவில்லை. மூன்று மாதம் 9 அயர்ன் கிரீனுக்கு இடதுபுறப் பங்கரிலேயே (மணல் பள்ளத்திலேயே) விழுந்தது. நான் பிடியை மாற்றினேன், காலை மாற்றினேன், கடைசியில் கிரீனுக்கு வலதுபக்கம் இருந்த மரத்தைக் குறிவைத்து அடிக்கப் பழகிவிட்டேன். அது பழகியதுதான் பெரிய நஷ்டம், திரும்ப நேராக நிற்கவே ஒரு வருடம் ஆனது.

விஷயம் லை கோணம். கிளப்பைத் தரையில் வைக்கும்போது ஷாஃப்டுக்கும் தரைக்கும் நடுவே இருக்கிற கோணம் அது. அடிக்கிற நொடியில் தலையின் மூக்குப்பக்கம், அதாவது குதிகாலுக்கு எதிர்முனை, தூக்கிக்கொண்டிருந்தால் முகம் இடதுபக்கம் பார்க்கும். மூக்கு தரையில் குத்திக் குதிகால் தூக்கினால் வலதுபக்கம் பார்க்கும். லாஃப்ட் கூடக் கூட இந்தத் தப்பு பெரிதாகத் தெரியும், அதனால்தான் 9 அயர்னிலும் வெட்ஜிலும் முதலில் கண்ணில் படும், 5 அயர்னில் அவ்வளவு தெரியாது.

சோதிப்பது இப்படி. பந்தில் மார்க்கரால் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். கோடு நெட்டுக்குத்தாக, கிளப்பின் முகத்தைப் பார்க்கிற மாதிரி பந்தை வைத்து 7 அயர்னில் அடியுங்கள். முகத்தில் பதிந்த மைக்கோடு, அங்கே குறுக்காக ஓடுகிற வரிகளுக்குச் செங்குத்தாக இருந்தால் லை சரி. கோட்டின் மேல்முனை மூக்குப்பக்கம் சாய்ந்திருந்தால் கிளப் உங்களுக்கு நிமிர்ந்தது, குதிகால் பக்கம் சாய்ந்திருந்தால் படுத்தது. ஐந்தாறு பந்து அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், ஒரு பந்தை நம்பாதீர்கள்.

இதற்கு செட்டை மாற்ற வேண்டியதில்லை. கிளப் ரிப்பேர் செய்கிறவரிடம் கழுத்தை வளைக்கும் மெஷின் இருக்கும், 2 டிகிரி வரை பிரச்சினையில்லாமல் வளைத்துத் தருவார். காய்ச்சி அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு அயர்ன் சுலபமாக வளையும், உருக்கி ஊற்றிய காஸ்ட் அயர்னில் கவனம் வேண்டும், சில உடையும், அவர் முடியாது என்றால் வற்புறுத்தாதீர்கள். பிங் கம்பெனி அயர்ன் வைத்திருந்தால் தலையில் ஒரு வண்ணப் புள்ளி இருக்கும், கறுப்பு என்றால் சாதாரண லை. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இன்ஜினியராக இருந்துகொண்டே 1959இல் பிங் என்ற பெயரில் பட்டர் (கிரீனில் பந்தை உருட்டும் கிளப்) செய்து விற்க ஆரம்பித்த கார்ஸ்டன் சோல்ஹைம் கொண்டுவந்த முறை அது. பழைய செட் வாங்கும்போது இந்தப் புள்ளியைப் பார்க்காமல் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

100 யார்டுக்குள் வந்தால் கையில் பொருத்தமான கிளப் இல்லை

முன்னே சொன்ன லாஃப்ட் விளையாட்டின் வால் இங்கேதான் வந்து நிற்கிறது. 7 அயர்னை 30 டிகிரிக்கு இறக்கினால் பிட்சிங் வெட்ஜும் கூடவே இறங்கியாக வேண்டும், 43, 44 டிகிரிக்கு வந்துவிடும். ஆனால் சாண்ட் வெட்ஜ் தன் பழைய இடத்திலேயே, 54லிருந்து 56இல் இருக்கும். நடுவே 12 டிகிரி பள்ளம். என் கணக்கில் பிட்சிங் வெட்ஜ் 99, சாண்ட் வெட்ஜ் 68. எண்பத்தைந்து யார்டில் பந்து கிடந்தால் ஒன்றை மெதுவாக அடிக்க வேண்டும், அல்லது இன்னொன்றைக் கொல்ல வேண்டும். இரண்டுமே விளங்காது.

வெட்ஜுகளுக்கு நடுவே 4லிருந்து 6 டிகிரி இடைவெளி வையுங்கள். 44, 50, 56 என்றால் கணக்கு முடிந்தது. பள்ளத்தை அடைக்க வேண்டியது அந்த 50 டிகிரிதான், ஆனால் கடையில் எல்லோரும் கேட்டு வாங்குவது 60 டிகிரி, வீடியோவில் பந்து வானத்துக்குப் போய் கிரீனில் அப்படியே ஒட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டு.

நானும் வாங்கினேன். ஏப்ரல் மாதம், கிரீனுக்கு 20 யார்டு முன்னால், தரை சிமெண்ட் மாதிரி, புல் பெயருக்கு இருந்தது. 60ஐ எடுத்தேன். கிளப்பின் விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டு, பந்து கிரீனைத் தாண்டி புதருக்குள் போனது. பை தூக்கி வரும் கேடி அண்ணன் ஒன்றும் சொல்லாமல் போய்த் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். அடுத்த குழியிலும் கிட்டத்தட்ட அதே இடம், நான் கை நீட்டியதும் 8 அயர்னை வைத்தார். "சார், அந்த ஸ்டிக்கை வீட்டிலயே வெச்சிட்டு வாங்க. அதுக்கு தினம் வந்து அடிக்கணும். இதை பட்டர் மாதிரி தள்ளுங்க." பந்து உருண்டு குழிக்கு நாலடியில் நின்றது. 60 இப்போது வீட்டில் பரண்மேல் இருக்கிறது.

பங்கரில் கிளப் புதைகிறது, அல்லது துள்ளிப் பந்தின் தலையில் அடிக்கிறது

வெட்ஜின் அடிப்பாகம் முன்விளிம்பைவிடக் கீழே இறங்கியிருக்கும், அந்தக் கோணத்துக்குப் பெயர் பவுன்ஸ். வீட்டு டைல்ஸ் தரையில் வெட்ஜை வைத்துக் கண்ணைத் தரைமட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், முன்விளிம்பு எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு பவுன்ஸ். 4லிருந்து 6 டிகிரி என்றால் குறைவு, 7லிருந்து 10 நடுத்தரம், அதற்கு மேலே கூடுதல். இது இல்லாத காலத்தில் பங்கரில் முன்விளிம்பு கத்தி மாதிரி மணலுக்குள் இறங்கும். அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சரசென் ஈயத்தைப் பற்றவைத்து அடிப்பாகத்தைக் கனமாக்கி, 1932 பிரிட்டிஷ் ஓப்பனுக்குக் கொண்டுபோய் ஜெயித்தார். விமானத்தின் வால்பகுதி இறங்கும்போது மூக்கு மேலே எழுவதைப் பார்த்து வந்த யோசனை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மணல் பொலபொலவென்று ஆழமாக இருந்து கிளப் புதைந்தால் உங்களுக்குப் பவுன்ஸ் போதவில்லை, 12 பக்கம் போங்கள். மழை பெய்து இறுகிய மணலிலும், கோடையில் வெந்து கிடக்கும் ஃபேர்வேயிலும் கிளப் துள்ளினால் பவுன்ஸ் அதிகம், 8 பக்கம் வாருங்கள். நீங்கள் அடிக்கடி ஆடுகிற மைதானத்தின் மணலைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு வெட்ஜ் வாங்குவது நல்லது, வேறு ஊரில் ஆடுகிறவர் சிபாரிசு செய்ததை அப்படியே வாங்குவது சரிவராது. ஒரே ஒரு சாண்ட் வெட்ஜ்தான் என்றால் 10 டிகிரி, இரண்டு தரையிலும் ஒப்பேற்றும்.

கையில் வழுக்குகிறது, கொப்புளம் வருகிறது

கிளப் மேல் குற்றமே இல்லை. சென்னை மே மாதத்தில் ஒன்பது குழிக்குள் கையுறை பிழியலாம், அந்த வியர்வையும் சன்ஸ்கிரீனும் கிரிப்பில் படிந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற லிக்விடைக் கலந்து பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள், பாதி கேஸ் இதிலேயே தீரும். அப்புறமும் பளபளத்தால் கிரிப் செத்துவிட்டது, மாற்றுங்கள். அளவும் பாருங்கள். இடது கையால் பிடிக்கும்போது நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கைச் சதையை லேசாகத் தொட வேண்டும். நகம் குத்தினால் கிரிப் மெலிது, இடைவெளி விட்டால் தடிமன்.

கார் டிக்கியில் பையை நாள்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். வெயில் சூட்டில் தலையையும் ஷாஃப்டையும் ஒட்டியிருக்கும் பசை தளரும். கிளப்பை ஆட்டினால் உள்ளே கடகட என்றால் பெரும்பாலும் உடைந்த பசைத் துணுக்குதான், பயமில்லை. ஆனால் தலையைப் பிடித்துத் திருகினால் கொஞ்சமாவது அசைகிறது என்றால் அன்றைக்கே அதை வெளியே எடுத்துவிடுங்கள். தலை கழன்று பறந்தால் முன்னால் நிற்கிறவர் கதி என்ன?

ஊட்டி போய் வந்தேன், தூரம் எல்லாம் குழம்பிவிட்டது

ஊட்டி, கொடைக்கானல் மைதானங்கள் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கின்றன. காற்று மெலிது, பந்தைப் பிடித்து இழுக்க ஆள் குறைவு, கீழே 150 போகிற அடி அங்கே 165ஐ எட்டும், வளைவும் குறையும். முதல் நாள் நான்கு கிரீனைத் தாண்டி அடித்துவிட்டு, ஸ்விங் திடீரென்று பிரமாதமாகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு கிளப் குறைத்து எடுத்தால் போதும். மேலே இருக்கும்போது எந்த கிளப்பையும் வாங்காதீர்கள், நோட்டையும் திருத்தாதீர்கள்.

மூன்று பட் போடுகிறேன், பட்டரை மாற்றலாமா

மாற்றுவதற்கு முன்னால் நீளத்தைப் பாருங்கள். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 34, 35 இன்ச். குனிந்து நின்றால் கண் பந்துக்கு நேர் மேலே, அல்லது அதற்குக் கொஞ்சம் உள்ளே இருக்க வேண்டும். மூக்கருகே ஒரு பந்தைப் பிடித்துக் கீழே விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நம்மில் உயரம் குறைந்தவர்களுக்கு 33 பொருந்தும், 35ஐப் பிடித்துக்கொண்டு பின்முனை வயிற்றில் இடிக்க நிற்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அடுத்து, ஷாஃப்டை ஒரு விரலில் கிடைமட்டமாக வைத்துச் சமன் செய்யுங்கள். முகம் வானத்தைப் பார்த்தால் அது நேராகப் பின்னே இழுத்து நேராகத் தள்ளுகிறவருக்கு. மூக்கு கீழே தொங்கினால் கொஞ்சம் வளைத்து இழுக்கிறவருக்கு. உங்களுடையது எந்த வகை என்று பக்கத்தில் நிற்கிறவர் சொல்வார். மற்றபடி தூரத்தில் இருந்து குழிக்கு அருகே கொண்டுவர முடியாததற்கு பட்டர் காரணமில்லை, அதற்கு வீட்டுக் கம்பளம் போதும்.

பை கனக்கிறது, எதை எடுப்பது

விதிப்படி 14க்கு மேல் கூடாது. அமெரிக்காவில் 1938இலும், அடுத்த வருடம் பிரிட்டனிலும் வந்த வரம்பு இது. அதற்கு முன்னால் சிலர் இருபது, இருபத்தைந்து என்று கேடியின் முதுகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மீறினால் மீறிய ஒவ்வொரு குழிக்கும் 2 ஸ்ட்ரோக் (அடி) அபராதம், ஒரு ரவுண்டுக்கு அதிகபட்சம் 4. 2001 பிரிட்டிஷ் ஓப்பன் கடைசி நாளில் முன்னணியில் இருந்தவர்களில் ஒருவரான இயன் வூஸ்னம், முதல் குழியில் ஒரே அடியில் போட்டுவிடுவார் போல பந்தைக் கொண்டுபோய் வைத்தார், பெர்டி, அதாவது பாரைவிட ஒன்று குறைவு. இரண்டாவது குழி தொடங்கும் இடத்தில் கேடி வந்து பையில் இரண்டு டிரைவர் இருக்கிறது என்றார், மொத்தம் 15. ரேஞ்சில் சோதித்துப் பார்த்ததை வெளியே எடுக்க மறந்துவிட்டார்கள். அபராதத்தில் பெர்டி போகியானது, அதாவது பாரைவிட ஒன்று அதிகம், கடைசியில் மூன்றாம் இடத்தைச் சிலரோடு பகிர்ந்துகொண்டார்.

14 என்பது மேல்வரம்பு. கீழ்வரம்பு எதுவும் கிடையாது, ஏழு கிளப்போடு போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த ஐந்து ரவுண்டுக்கு ஸ்கோர் கார்டின் ஓரத்தில் எந்த கிளப்பை எடுத்தீர்கள் என்று ஒரு கோடு போட்டு வாருங்கள். ஐந்து ரவுண்டிலும் கோடு விழாதது எதுவோ அதை எடுத்துவிடுங்கள். பாக்கெட்டுக்குள் இருக்கிற பழைய பந்துகளையும் பாருங்கள், டஜன் பந்து அரைக் கிலோவுக்கு மேலே எடை. என் பையில் இப்போது டிரைவர், 5 வுட், அந்த 23 டிகிரி ஹைபிரிட், 6லிருந்து 9 வரை அயர்ன், மூன்று வெட்ஜ், பட்டர். மொத்தம் பதினொன்று.